வானத்துக்கு வெளிவட்டச் சாலை கிடையாது: ஹைதராபாத் பலூன்கள் சொல்லும் வேதியியல் செய்தி

ஹைதராபாத்: குளிர்காலம் நெருங்கும்போது தெலங்கானாவின் மாவட்ட நிர்வாகங்களுக்கு வழக்கமான அறிவிப்பு ஒன்று வந்து சேர்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹைதராபாத் பலூன் நிலையத்திலிருந்து இரவிலும் அதிகாலையிலும் ராட்சத பலூன்கள் பறக்கவிடப்படும். பாராசூட்டுடன் தரையிறங்கும் கருவிகளைக் கண்டால் பொதுமக்கள் அவற்றைத் தொடவோ பிரிக்கவோ வேண்டாம். காவல் துறைக்கோ அஞ்சலகத்துக்கோ தகவல் தர வேண்டும் என்பதே அதன் சாரம். 2025 அக்டோபரில் தொடங்கிய பருவத்துக்கும் இத்தகைய அறிவிப்பு வெளியானது. 50 முதல் 85 மீட்டர் விட்டம் கொண்ட, மெல்லிய பாலித்தீன் படலத்தாலான பலூன்கள் 30 முதல் 42 கிலோமீட்டர் உயரம் வரை செல்லும் என்று அதில் கூறப்பட்டிருந்தது.

அறிவிப்புகள் எல்லாக் கிராமங்களையும் எட்டுவதில்லை. 2022 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு விண்வெளிச் சுற்றுலா நிறுவனம் ஒன்றின் சோதனைக் கூண்டு விகாராபாத் மாவட்டத்தின் வயலில் இறங்கியபோது, வேற்றுக்கிரகக் கலம் வந்துவிட்டதாக எண்ணி மக்கள் திரண்டனர். 2025 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் இன்னொரு பலூன் இறங்கியபோதும் அதே பரபரப்பு. தொலைக்காட்சிகளுக்கு இவை ஒரு நாள் செய்திகள். ஆனால், கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தப் பலூன்கள் மேலிருந்து கொண்டுவந்த காற்றும் தூசும் சொல்லும் செய்தி ஒரு நாளில் முடிவதன்று. தரையில் நாம் வெளியேற்றும் சில வேதிப்பொருள்கள், இதுவரை நினைத்ததைவிட விரைவாகவும் அதிகமாகவும் வளிமண்டலத்தின் மேலடுக்குகளைச் சென்றடைகின்றன. அவற்றை ஏற்றிச் செல்லும் மின்தூக்கி, நாம் ஆண்டுதோறும் வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் தென்மேற்குப் பருவமழை.

இந்த விவகாரத்தில் ஹைதராபாத்துக்கு இரட்டை வேடம். மேல்வானத்தை அளக்கும் நாட்டின் முதன்மையான தளம் இங்குள்ளது. மேல்வானத்தை மாற்றும் வேதிப்பொருள்களில் ஒன்றைப் பெருமளவில் பயன்படுத்தும் மருந்துத் தொழிலும் இங்குதான் உள்ளது. ஒன்று கண்டறிவதை மற்றொன்றின் ஒழுங்குமுறை இன்னும் கணக்கில் கொள்ளவில்லை என்பதே பிரச்சினை.

ஏன் ஹைதராபாத்?

பலூன் நிலையம் இங்கு அமைந்ததற்கு முதற்காரணம் வேதியியல் அன்று, காஸ்மிக் கதிர்கள். ஹோமி பாபா 1940களிலேயே பெங்களூருவிலிருந்து பலூன்களில் கருவிகளை அனுப்பி அக்கதிர்களை அளந்தவர். புவியின் காந்தநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆற்றல் குறைந்த காஸ்மிக் கதிர்கள் ஹைதராபாத் வானத்தை எளிதில் எட்டுவதில்லை. இரைச்சல் குறைந்த அறையில் மெல்லிய குரலைக் கேட்பது எளிது என்பதுபோல, எக்ஸ்-கதிர் வானியலாளர்களுக்கு இது வாய்ப்பான இடமானது. 1960களின் இறுதியிலிருந்து மௌலாலி, இசிஐஎல் பகுதியை ஒட்டி நிலையம் செயல்பட்டு வருகிறது.

வளிமண்டல வேதியியலாளர்களுக்கு இதே இடம் வேறொரு காரணத்தால் முக்கியமாயிற்று. தரையிலிருந்து சுமார் 16, 17 கிலோமீட்டர் வரை, வெப்ப நாடுகளில் மேகமும் மழையும் நிகழும் அடிவளிமண்டலம் பரவியுள்ளது. அதற்கு மேலே, ஓசோன் படலத்தைத் தாங்கும் அடுக்கு மண்டலம். உலகின் காற்று இந்த எல்லையைக் கடந்து மேலே நுழைவது பெரும்பாலும் வெப்ப நாடுகளின் வானத்தில்தான். பின்னர் அது துருவங்களை நோக்கி நகர்ந்து, ஆண்டுகள் சில கழித்துக் கீழிறங்குகிறது. ஆகவே 17 பாகை வட அட்சரேகையில் உள்ள ஹைதராபாத்தின் மேலே காற்றை அளப்பது, ஒரு வீட்டின் வாசலில் நின்று உள்ளே நுழைவோரைக் கணக்கெடுப்பது போன்றது. அண்டார்டிகாவில் அளந்தால் வெளியேறுவோரைத்தான் காண முடியும்.

தமிழகத்துக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டான 1957-ஐ ஒட்டிக் கொடைக்கானலில் ஓசோன் அளவீடு தொடங்கியது. அங்கு தரையில் வைத்த கருவி சூரிய ஒளியைக் கொண்டு தலைக்கு மேலுள்ள மொத்த ஓசோனைக் கணக்கிட்டது. ஆனால் எந்த உயரத்தில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று அறிய, ஏறிச் சென்று பிடித்துவருவதைத் தவிர வேறு வழியில்லை.

திரவ நியானில் உறைந்த காற்று

பிடித்துவரும் அந்த வேலையை அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தினர் 1980களின் நடுப்பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஹைதராபாத்தில் தொடங்கினர். எஃகுக் குழாய்களின் தொகுதி ஒன்றைத் திரவ நியானில் அமிழ்த்தி, சுமார் மைனஸ் 246 பாகை செல்சியஸ் குளிரில் வைத்து பலூனில் அனுப்புவார்கள். குறிப்பிட்ட உயரத்தில் ஒரு குழாயின் வாய் திறக்கும். மேலே காற்று மிக மெலிந்தது. எனினும் உள்ளே நுழையும் காற்று குளிரில் உறைந்துவிடுவதால், மேலும் மேலும் காற்று தானாகவே உள்ளிழுக்கப்படும். வாய் மூடப்பட்டுத் தரைக்கு வந்தபின் குழாயைச் சூடாக்கினால், ஆய்வகத்துக்குப் போதுமான மாதிரி கிடைக்கும்.

1987, 1990, 1994 ஆகிய ஆண்டுகளிலும் அதன் பின்னரும் நடந்த இப்பறப்புகள், குளிர்பதனப் பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான்களிலிருந்தும் வெளியேறிய குளோரோஃப்ளோரோகார்பன்கள் (சிஎஃப்சி) இந்திய வானத்தில் எந்த உயரம் வரை சென்று, எங்கே சிதைகின்றன என்பதைக் காட்டின. தரையருகே எதனாலும் அழியாத அந்த வாயுக்கள், 20 கிலோமீட்டருக்கு மேல் புற ஊதாக் கதிரின் தாக்குதலில் உடைந்து குளோரினை வெளியிடுகின்றன. ஒரு குளோரின் அணு தான் அடங்குவதற்கு முன் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் தாளில் எழுதிக் காட்டிய வேதியியலை, இங்கே குழாயில் பிடித்துப் பார்க்க முடிந்தது.

இதே மாதிரிகளில் சல்பர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற வாயுவும் அளக்கப்பட்டது. மின்மாற்றி நிலையங்களில் பயன்படும் இவ்வாயு வளிமண்டலத்தில் ஆண்டுதோறும் சீராகக் கூடிவருவது. எனவே ஓர் உயரத்தில் கிடைக்கும் காற்றில் அது எவ்வளவு உள்ளது என்று பார்த்தால், அந்தக் காற்று தரையை விட்டுக் கிளம்பி எத்தனை ஆண்டுகளாயின என்று சொல்லிவிடலாம். மர வளையத்தை எண்ணி வயது சொல்வதுபோலக் காற்றுக்கு வயது சொன்ன ஆய்வு அது.

(இவ்வகைக் குழாய்களில் 2005-ல் உயிரியலாளர்கள் நுண்ணுயிர்களையும் தேடினர். ஹைதராபாத், புனே ஆய்வகங்களில் பரிசோதித்து மூன்று புதிய பாக்டீரியா இனங்களை அறிவித்தனர். ஒன்றுக்கு இஸ்ரோவின் பெயர், ஒன்றுக்கு ஆரியபட்டரின் பெயர், ஒன்றுக்கு வானியலாளர் ஃப்ரெட் ஹாய்லின் பெயர் சூட்டப்பட்டது. அது தனிக்கதை.)

சிஎஃப்சி கதையின் முடிவு நல்லது. 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் இணைந்தது. ஆஸ்துமா நோயாளிகளின் உறிஞ்சு மருந்துக் குப்பிகளுக்கான விலக்கைத் தவிர, 2008 ஆகஸ்ட் 1 முதல் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது. கெடு 2010 வரை இருந்தும் முன்கூட்டியே முடித்தது. சில ஆண்டுகளுக்கு முன் உலக அளவில் சிஎஃப்சி-11 வாயு எதிர்பாராமல் மீண்டும் கசியத் தொடங்கியபோது, அதன் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வந்ததென ஆய்வுகள் கண்டறிந்தன. அந்த விவாதத்தில் இந்தியாவின் பெயர் அடிபடவில்லை. 2016 ஜூன், ஜூலையில் வட இந்திய வானில் பறந்த பிரிட்டன் ஆய்வு விமானத்தின் அளவீடுகளும், இந்தியாவின் சிஎஃப்சி வெளியேற்றம் குறைவு என்றே காட்டின. உலக வானிலை அமைப்பும் ஐநா சுற்றுச்சூழல் திட்டமும் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அண்டார்டிகாவில் ஓசோன் படலம் 2066 வாக்கிலும், உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும் 1980-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும்.

அதே விமான அளவீடுகளில் இன்னொரு வரியும் இருந்தது. அது நற்செய்தி அன்று.

பட்டியலில் இல்லாத வாயு

டைகுளோரோமீத்தேன் என்பது நிறமற்ற, சற்றே இனிப்பு வாசமுள்ள திரவம். மருந்து ஆலைகளில் மெத்திலீன் குளோரைடு என்றோ, சுருக்கமாக எம்டிசி என்றோ சொன்னால்தான் தெரியும். மூலப்பொருளைக் கரைக்க, தேவையான மூலக்கூறைப் பிரித்தெடுக்க, கழுவ எனப் பல கட்டங்களில் அது தேவைப்படுகிறது. எளிதில் தீப்பற்றாது, எளிதில் ஆவியாகும், விலையும் குறைவு. வேதியியலாளருக்கு இதைவிட வசதியான கரைப்பான் அரிது.

எளிதில் ஆவியாகும் என்பதற்கு ஓர் அளவு: அதன் கொதிநிலை 39.6 பாகை செல்சியஸ். மே மாத நண்பகலில் ஹைதராபாத்தின் வெயில் இதைத் தாண்டுவது வழக்கம். நிழலில் வைத்த பீப்பாய்கூட, மூடி சரியாக இல்லாவிட்டால், உலையில் ஏற்றியது போலத்தான்.

1960களில் சோவியத் உதவியுடன் பாலாநகரில் எழுந்த ஐடிபிஎல் பொதுத்துறை மருந்து ஆலையே இந்நகரின் மருந்துத் தொழிலுக்கு நாற்றங்கால். அங்குப் பணியாற்றி வெளியேறியோர் தொடங்கிய நிறுவனங்களே ஜீடிமெட்லா, பொல்லாரம், படான்செரு எனப் பரவி, உலகுக்கு மலிவு விலையில் மருந்து வழங்கும் தொழிலாக வளர்ந்தன. அந்தப் பெருமையில் ஐயமில்லை. எச்ஐவி மருந்தையும் புற்றுநோய் மருந்தையும் ஏழை நாடுகள் வாங்க முடிந்ததில் இத்தொழிலின் பங்கு பெரிது. இதற்கான விலையை இப்பகுதி முதலில் நீரில் செலுத்தியது. படான்செரு ஏரிகளின் கதை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் படான்செரு–பொல்லாரத்தை நாட்டின் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. காற்றில் செலுத்தும் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மேற்சொன்ன 2016 அளவீடுகளிலிருந்து, இந்தியாவின் டைகுளோரோமீத்தேன் வெளியேற்றம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டன்னை நெருங்குவதாகக் கணிக்கப்பட்டது. 2008-க்கான கணிப்பைப்போல் பல மடங்கு இது. மருந்துத் தொழில் மட்டுமே காரணமன்று. பெயின்ட் அகற்றி, பசை, நுரைப் பஞ்சு ஆகியவற்றின் தயாரிப்பிலும் இது பயன்படுகிறது. ஆனால் இந்தியாவில் அதன் முக்கியப் பயன்பாட்டாளர்களுள் மருந்துத் தொழில் முன்வரிசையில் உள்ளது.

மாண்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் இவ்வாயு இல்லை. 1987-ல் அதைச் சேர்க்காததற்குக் காரணம் இருந்தது. காற்றிலுள்ள ஹைட்ராக்சில் என்ற துடிப்பான மூலக்கூறு, டைகுளோரோமீத்தேனைச் சுமார் ஆறு மாதங்களில் சிதைத்துவிடும். சிஎஃப்சி-12 நூறாண்டு வாழ்வது. ஆறு மாதம் வாழ்வது மேலே போய்ச் சேர்வதற்குள் அழிந்துவிடும் என்று கருதப்பட்டது. சராசரிக் கணக்கில் அது சரியே.

பருவமழை சராசரிக்குக் கட்டுப்படுவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தெற்காசியாவின் இடிமேகங்கள் தரைக்காற்றைச் சில மணி நேரத்தில் 12, 15 கிலோமீட்டருக்கு உயர்த்துகின்றன. திபெத் பீடபூமிக்கு மேலே, அரபு நாடுகள் முதல் சீனம் வரை விரிந்து சுழலும் ஒரு பெரும் எதிர்ச்சூறாவளி, அப்படி உயர்ந்த காற்றைச் சிதறவிடாமல் வளைத்து வைத்துக்கொள்கிறது. அங்கிருந்து அது மெல்ல அடுக்கு மண்டலத்துக்குள் கசிகிறது. ஆறு மாத ஆயுள் உள்ள பொருளுக்கு இந்தப் பயணத்தில் சில நாள்களும் வாரங்களுமே செலவாகின்றன. 2017-ல் காட்மாண்டுவிலிருந்து பறந்த ஐரோப்பிய ஆய்வு விமானம் 17, 18 கிலோமீட்டர் உயரத்தில் இவ்வாயுவை வழக்கத்தைவிட மிகுதியாகக் கண்டது. 2022 கோடையில் தென் கொரியாவிலிருந்து அமெரிக்க விமானங்கள் நடத்திய அளவீடுகளின் முடிவு 2024-ல் வெளியானபோது, கிழக்காசியப் பருவக்காற்றின் வழியே குறுகிய ஆயுள் குளோரின் சேர்மங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக மேலே செல்வது உறுதியாயிற்று.

இதைப் பெரிதுபடுத்திவிடவும் கூடாது. அடுக்கு மண்டலத்திலுள்ள குளோரினில் பெரும்பகுதி இன்றும் பழைய சிஎஃப்சிகளின் எச்சமே. டைகுளோரோமீத்தேனால் இப்போது நேரும் ஓசோன் இழப்பு சிறிது. ஆனால் பழையது குறைந்துவரும்போது புதியது கூடிவருகிறது. வெளியேற்றம் கடந்த காலத்தைப்போலவே வளர்ந்துகொண்டிருந்தால், அண்டார்டிகா ஓசோனின் மீட்சி சில பத்தாண்டுகள்கூடத் தள்ளிப்போகலாம் என்று 2017-ல் வெளியான கணினி மாதிரி ஆய்வு எச்சரித்தது. ஆயுள் குறைவு என்பதில் ஒரு நன்மையும் உண்டு: இன்று நிறுத்தினால் ஓரிரு ஆண்டுகளில் வானம் தெளிந்துவிடும். சிஎஃப்சியில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

யூரியாவும் ஒரு மேகமும்

மருந்து ஆலையைவிட எளிய ஒரு மூலத்திலிருந்தும் மேல்வானத்துக்குப் பொருள் செல்கிறது.

2011-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், கலிப்சோ செயற்கைக்கோளின் லேசர் பதிவுகளில் விந்தையான ஒன்றைக் கண்டனர். பருவமழைக் காலத்தில் மட்டும், 13 முதல் 18 கிலோமீட்டர் உயரத்தில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குச் சீனம் வரை, கண்ணுக்குத் தெரியாத துகள் படலம் ஒன்று மிதந்தது. ஆசிய வெப்ப எல்லைத் துகளடுக்கு என்று அதற்குப் பெயரிட்டனர். 1990களின் பிற்பகுதிக்கு முந்தைய செயற்கைக்கோள் பதிவுகளில் அதன் தடயம் தெளிவாக இல்லை. அப்படியானால் அது புதிது. மனிதச் செயலோடு தொடர்புடையதாக இருக்க வாய்ப்பு மிகுதி.

எதனால் ஆனது என்பதைச் செயற்கைக்கோளால் சொல்ல முடியவில்லை. இங்கேதான் ஹைதராபாத் மீண்டும் வருகிறது. 2014 முதல் நாசாவும் இஸ்ரோவும் இணைந்து, ஹைதராபாத் பலூன் நிலையம், திருப்பதியை அடுத்த காடங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம், வாரணாசி ஆகிய இடங்களிலிருந்து கோடைப் பலூன்களை அனுப்பின. ஹைதராபாத்திலிருந்து சென்ற பெரிய பலூன்கள் வடிகட்டித் தாளில் துகள்களைப் பிடித்து வந்தன. பலரும் எதிர்பார்த்தது சல்பேட். நிலக்கரி எரிப்பின் அடையாளம் அது. கிடைத்ததில் மேலோங்கியிருந்தது நைட்ரேட்.

2019-ல் ஜெர்மனி தலைமையிலான குழு புதிரின் மறுபாதியை நிரப்பியது. அத்துகள்களில் திண்மநிலை அம்மோனியம் நைட்ரேட் இருப்பதை விமான, செயற்கைக்கோள் பதிவுகளால் நிறுவியது. மின்னலும் வாகனப் புகையும் தரும் நைட்ரிக் அமிலம் ஒருபுறம். தரையிலிருந்து ஏறிய அம்மோனியா மறுபுறம். இரண்டும் கடுங்குளிரில் சேர்ந்தால் பிறப்பது அதுவே. நீரில் எளிதில் கரையும் அம்மோனியா மழையோடு கீழே வந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி எழும். மேகத்துளி உறைந்து பனியாகும்போது, கரைந்திருந்த அம்மோனியாவின் ஒரு பகுதி வெளித்தள்ளப்படுகிறது என்பதே அதற்கான விளக்கம்.

அம்மோனியா எங்கிருந்து வருகிறது? மாட்டுக் கொட்டில்களிலிருந்தும் வயல்களிலிருந்தும். செயற்கைக்கோள் வரைபடங்களில் உலகிலேயே அடர்ந்த அம்மோனியாப் பரப்புகளுள் கங்கைச் சமவெளி ஒன்று. இந்தியா ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியாவைப் பயன்படுத்துகிறது. நெல் வயலில் இடும் யூரியாவின் நைட்ரஜனில் பாதிக்கும் மேல் பயிரைச் சேர்வதில்லை. தண்ணீரோடு போவது போக, ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகிறது. ஜூன், ஜூலையில் நடவும் மேலுரமும் நடக்கும்போதுதான் மேலே பருவமழை மின்தூக்கியும் இயங்குகிறது. இரண்டின் நாள்காட்டியும் ஒன்றே.

2025 ஆகஸ்டில் தெலங்கானாவின் கூட்டுறவுச் சங்கங்களின் முன் விவசாயிகள் செருப்புகளை வரிசையில் வைத்து யூரியாவுக்குக் காத்திருந்த படங்கள் பலருக்கு நினைவிருக்கும். மத்திய, மாநில அரசுகள் ஒன்றையொன்று குறை கூறின. அந்த விவசாயியிடம் போய் நைட்ரேட் துகள் பற்றிப் பேசுவது கொடுமை. ஆனால் 45 கிலோ மூட்டை 242 ரூபாய்க்கு விற்கப்படும்போது, மற்ற உரங்களைவிட யூரியாவையே அள்ளிப்போடுவது இயல்பு. பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதிக்கும் சேர்த்தே அரசு மானியம் தருகிறது. காற்றில் போகும் நைட்ரஜனைக் குறைப்பது, உரப் பற்றாக்குறையையும் மானியச் செலவையும் ஒருங்கே குறைக்கும். 2015-ல் கட்டாயமாக்கப்பட்ட வேப்பெண்ணெய்ப் பூச்சு அந்தத் திசையிலான முதல் அடி.

இந்தத் துகளடுக்கு என்ன செய்கிறது? சூரிய ஒளியைச் சிறிது திருப்பி அனுப்பிக் குளிர்விக்கிறது. ஆசியாவின் மீது கோடையில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.1 வாட் என்பது ஒரு மதிப்பீடு. கார்பன் டை ஆக்சைடின் வெப்பமூட்டலோடு ஒப்பிட்டால் சிறிது. அதைவிட முக்கியமானது, அம்மோனியம் நைட்ரேட் துகளைக் கருவாகக் கொண்டு பனிப்படிகங்கள் எளிதில் உருவாகலாம் என்பது. பனிப்படிகம் என்றால் கீற்று மேகம். கீற்று மேகம் என்றால் பூமி வெளிவிடும் வெப்பத்தைத் தடுக்கும் போர்வை. பருவமழை மேலே கொண்டுபோனது, பருவமழையின் வானத்தையே மாற்றக்கூடும்.

மங்கும் கண்கள்

இவற்றைக் கண்காணித்த விண்வெளிக் கண்கள் ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. துகளடுக்கைக் கண்டுபிடித்த கலிப்சோ 2023-ல் பணியை முடித்தது. ஓசோனையும் குளோரின் சேர்மங்களையும் உயரவாரியாக அளந்த ஆரா செயற்கைக்கோள் 2004-ல் ஏவப்பட்டது. ஆயுளின் இறுதிக்கு வந்துவிட்டது. அதே திறனுள்ள மாற்று உடனடியாகத் தயாராக இல்லை. இந்தச் சூழலில் பலூன் என்னும் பழைய தொழில்நுட்பத்தின் மதிப்பு உயர்கிறது. செலவு குறைவு, கருவி திரும்பக் கிடைக்கும், மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் இத்தகைய அளவீடுகளின் வரலாறு விட்டுவிட்டுப் பெய்த மழை போன்றது. ஹைதராபாத்தின் உறைகுளிர் மாதிரிப் பறப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒன்றாக நடந்தன. கோவாவின் கேப் ராமாவில் 1993-ல் தொடங்கிய குடுவை மாதிரிச் சேகரிப்பும் இடையிடையே நின்றது. தென் கொரியாவும் ஜப்பானும் தங்கள் மண்ணில் நிலையான அளவீட்டு மையங்களை வைத்திருப்பதால்தான் சிஎஃப்சி கசிவு யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. நாளை டைகுளோரோமீத்தேன் பற்றிய பேச்சு மாண்ட்ரியல் உடன்படிக்கை மேசைக்கு வரும்போது, பிறர் விமானத்தின் கணக்கை வைத்துக்கொண்டு இந்தியா வாதாட நேர்வது விரும்பத்தக்கதன்று. சொந்தக் கணக்கு இருந்தால்தான், மருந்துத் தொழிலுக்குத் தேவையான கால அவகாசத்தையும் விலக்கையும் வாதிட்டுப் பெற முடியும். ஹைட்ரோஃப்ளோரோகார்பன்களைக் குறைக்கும் கிகாலி திருத்தத்தில் 2032-ல் தொடங்கி 2047 வரை நீளும் தனி அட்டவணையை இந்தியா பெற்றதும் அத்தகைய பேரத்தால்தான்.

தரையிலும் இதே குறை. 2009-ல் வகுக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நெறியில் 12 மாசுகள் உள்ளன. அம்மோனியா இருக்கிறது, பென்சீன் இருக்கிறது, டைகுளோரோமீத்தேன் இல்லை. தொழிற்பகுதியின் இரவு நேர வாடை பற்றிப் புகார் கூறுவோரிடம் அதிகாரிகள் காட்டும் பலகையில் பெரும்பாலும் தூசின் அளவே ஒளிர்கிறது. கடலூர் சிப்காட் பகுதி மக்கள் இதே நிலையில் 2004-ல் பிளாஸ்டிக் வாளியும் பையும் கொண்டு தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர்; முடிவில் பல நச்சு வேதிப்பொருள்களின் பெயர்கள் வந்தன. வாடைக்குப் பெயர் கிடைத்த பிறகே அரசின் காதில் விழுந்தது.

டைகுளோரோமீத்தேனின் முதல் பாதிப்பு ஓசோனுக்கு அன்று, அதைக் கையாளும் தொழிலாளிக்கு. நெருக்கமான அறையில் அதன் ஆவி மயக்கத்தையும் மரணத்தையும் விளைவிக்கும். புற்றுநோய் ஐயமும் உண்டு. இக்காரணங்களுக்காகவே அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 ஏப்ரலில் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடைசெய்து, எஞ்சியவற்றுக்குக் கடும் பணியிடப் பாதுகாப்பை விதித்தது.

கொள்முதல் ஏடு காட்டும் உண்மை

இந்திய விதிகள் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. மொத்த மருந்து ஆலைகளுக்கு மத்திய அரசு தரும் சுற்றுச்சூழல் அனுமதியில், வினைக்கலன்களோடு குளிரூட்டிய உப்புநீர் ஒடுக்கி இணைக்கப்பட வேண்டும், கரைப்பானில் 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் மீட்கப்பட வேண்டும் என்பன வழக்கமான நிபந்தனைகள். 95 என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஒரு சுற்றுக்கான கணக்கு. அதே கரைப்பான் ஆண்டில் இருபது முறை சுழன்றால், ஒவ்வொரு முறையும் இருபதில் ஒரு பங்கு குறையும். ஆண்டு முடிவில் தொடக்கத்தில் இருந்ததற்கு நிகரான அளவு புதிதாக வாங்கியாக வேண்டும்.

இதில் ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது. ஓர் ஆலை ஆண்டுதோறும் புதிதாக வாங்கும் டைகுளோரோமீத்தேனிலிருந்து, கழிவாக எரிப்புக்கோ மறுவிற்பனைக்கோ அனுப்பிய அளவைக் கழித்தால், மிச்சம் ஏறத்தாழக் காற்றிலும் நீரிலும் கலந்ததுதான். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொள்முதல் ஏடும் சரக்கு வரி ரசீதும் போதும். இக்கணக்கை ஆலைவாரியாக ஆண்டுதோறும் வெளியிடச் செய்வது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் இயலாத காரியமன்று. மீட்பு கூடினால் ஆலைக்கும் கொள்முதல் செலவு மிச்சம். தடையாக இருப்பது கரைப்பானின் மலிவு விலையே. புதிதாக வாங்குவது மீட்பதைவிட மலிவாக இருக்கும்வரை, ஒடுக்கிகள் ஆய்வு நாளில் மட்டும் நன்றாகக் குளிரும்.

இதற்கான வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. 2025 நவம்பரில் தெலங்கானா அரசு ஹைதராபாத் தொழில் நில மாற்றக் கொள்கையை அறிவித்தது. பாலாநகர், ஜீடிமெட்லா, உப்பல், நாச்சாரம், காட்டேதான் உள்ளிட்ட பழைய தொழிற்பேட்டைகளின் ஏறத்தாழ 9,300 ஏக்கர் நிலத்தைக் குடியிருப்பு, வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றவும், மாசு தரும் ஆலைகளை 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலைக்கு அப்பால் அனுப்பவும் அது வழிசெய்கிறது. எதிர்க்கட்சிகள் நில விலையைப் பற்றிக் கேள்வி எழுப்பின. விவாதமும் அதைச் சுற்றியே நடந்தது. நகரவாசிகளின் மூச்சுக்கு இடமாற்றம் ஓரளவு நிம்மதி தரலாம். ஆனால் இடிமேகத்துக்கு ஜீடிமெட்லாவும் ஒன்றுதான், அறுபது கிலோமீட்டர் தள்ளிய கிராமமும் ஒன்றுதான். ஆலை இடம் மாறினால் வாடை முகரும் மக்கள் மாறுகிறார்கள். பருவமழை மேலே கொண்டுசெல்லும் குளோரினின் அளவு மாறுவதில்லை.

இடம் மாறும் ஒவ்வோர் ஆலையும் புதிய சுற்றுச்சூழல் அனுமதியும் புதிய இயக்க இசைவும் பெற்றாக வேண்டும். பழைய கட்டடத்தில் புதிய ஒடுக்கியைப் பொருத்துவது கடினம் என்ற சாக்கு அங்கே எடுபடாது. கரைப்பான் இருப்புக் கணக்கை வெளியிடுவதையும், தொழிற்பேட்டை எல்லையில் டைகுளோரோமீத்தேனை அளப்பதையும் நிபந்தனையாக்க வேண்டுமானால், அதை அந்த இசைவு ஆணைகளில் எழுதியாக வேண்டும். முதல் விண்ணப்பங்கள் வாரியத்தின் மேசைக்கு வருவதற்குள் அந்த முடிவை எடுத்துவிட வேண்டும்.